மாதாவுக்கு ஏழு அங்குலம்

இந்த ஜெபமாலையின் ஐம்பத்துமூன்று மணியையும் சொல்லி முடித்ததும் எழுந்து போய்ப் பொற்கொடியிடம் சொல்லிவிடுவேன், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, சொல்ல வேண்டியது ரெண்டு வார்த்தைதான், தாயி, என் பக்கத்து மாடம் நேற்று நான் சொன்ன மாதிரி ரெண்டு அங்குலம் இல்லை, ஏழு அங்குலம், கொத்தனாரை நிறுத்தச் சொல்லு, அவ்வளவுதான், இதற்கு ஒரு நிமிஷம் ஆகுமா, அந்த ஒரு நிமிஷத்துக்காக ஆரம்பித்த ஜெபத்தைப் பாதியில் விடக்கூடாது, முப்பத்தொரு வருஷமாக நான் பாதியில் விட்டதில்லை, மகள் ஜெனோவாவுக்கு வலி எடுத்து ஆட்டோ வாசலில் வந்து நின்றபோதுகூட மிச்சம் இருந்த பத்து மணியை ஆட்டோவில் சொல்லி முடித்தேன், பேரன் சுகமாகப் பிறந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பொற்கொடி வீட்டு நடையில் கொத்தனார் கருத்தப்பாண்டி காலையிலிருந்து பூச்சைக் கொத்திக்கொண்டிருக்கிறார், சுவருக்கு இந்தப் பக்கம் என் வீட்டு நடையில் நான் பாயை விரித்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன், நடுவில் மாடத்துக்குள் மாதா நிற்கிறாள், அவளுக்கு முன்னால் லேஸ் திரை, பிளாஸ்டிக் ரோஜா, சின்ன சிவப்பு பல்பு. மேலே நல்ல உயரத்தில்தான் இப்போது சத்தம் வருகிறது, சரக் சரக் என்று, அது பூச்சு, பூச்சு உதிரும் சத்தம் எனக்குத் தெரியும், செங்கல்லில் உளி பட்டால் வேறு மாதிரி கேட்கும், அவர் மேலிருந்து கீழே வருகிறார், மாதா உயரத்துக்கு வர இன்னும் நேரம் இருக்கிறது, அதற்குள் நான் முடித்துவிடுவேன். நேற்று சாயங்காலம் நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோதுதான் பொற்கொடி வந்து கேட்டாள், மாவுச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "பெரியம்மா, உங்க மாடம் எவ்வளவு ஆழம்னு கொத்தனார் கேக்கச் சொன்னாரு." நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது மேலாக்கத்தான் தாயி. ரெண்டு அங்குலம் இருக்கும்." "அப்படின்னா பயமில்ல. எங்க பாதியை எடுத்தாலும் நடுவுல தாராளமா நிக்கும்னாரு." "நிக்கும், நிக்கும்." ரெண்டு தடவை சொன்னேன். ஒரு தடவை சொல்லியிருந்தால் வாய் தவறி வந்தது என்று ஆண்டவரிடம் சொல்லிக்கொள்ளலாம். வெங்காயம் கண்ணைக் கரித்தது, துடைத்துக்கொண்டேன், அவள் போய்விட்டாள், அந்தப் பேச்சை நம்பித்தான் கருத்தப்பாண்டி இப்போது உளியைத் தூக்குகிறார்.

முதல் பத்து மணி, இன்று செவ்வாய்க்கிழமை, ஆண்டவர் பட்ட பாடுகளை நினைக்கிற துயர மறையுண்மைகள், பூங்காவனத்தில் இரத்த வியர்வை, விரல் மணியைப் பிடித்திருக்கிறது, வாய் சொல்லிக்கொண்டிருக்கிறது, மனசு மட்டும் அந்தக் குளிர்சாதனப் பெட்டியைச் சுற்றி வருகிறது. ரெண்டு கதவு வைத்த ஃப்ரிட்ஜ், பொற்கொடியின் தம்பி அவளுக்கு வாங்கி அனுப்பினது, வந்து பதினஞ்சு நாளாச்சு, தெர்மோகோலைக்கூடப் பிரிக்காமல் முன்னறையில் நிற்கிறது, ஏனென்றால் நடை மூன்றடிதான், அதில் வைத்தால் ஆள் ஒருக்களித்துத்தான் போக வேண்டும், அவள் மாவு ஆட்டி விற்கிறவள், ஒரு நாளைக்கு முப்பது தடவை அந்த நடையில் போகிறாள் வருகிறாள், வீட்டுக்காரர் லாரியில் நாக்பூர் பக்கம், ஒத்தை ஆளாய் எல்லாம் பார்க்கிறாள், வெயில் காலத்தில் மாவு பொங்கிக் கெட்டுப்போய்ச் சாக்கடையில் ஊற்றினதை நானே பார்த்திருக்கிறேன், அவள் கேட்பது என்ன, ஆள் உயரத்துக்கு மூன்றடி அகலத்துக்குச் சுவரில் நாலரை அங்குலம் குடைந்து ஃப்ரிட்ஜின் முதுகை உள்ளே தள்ளணும், அவ்வளவுதான், நாலரை அவள் பாதி. எங்கள் லைனில் பன்னிரண்டு வீடு, திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷாப்பு ஓகோவென்று நடந்த காலத்தில் தொழிலாளிகளுக்குக் கட்டினது, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர், ஒன்பது அங்குலம், வந்த நாள் முதலாய் எல்லாரும் சொல்வது ஒரே சட்டம்தான், சுவரு ஒம்பது, ஆளுக்கு நாலரை. யார் சொன்னது, எந்தப் பத்திரத்தில் இருக்கிறது, ஒருத்தரும் கேட்டதில்லை, கொத்தனார்களே அப்படித்தான் சொல்கிறார்கள், இந்த லைனில் வேலை பார்த்துப் பார்த்து அவர்களுக்கும் அதுவே கணக்காகிவிட்டது. மூன்றாம் வீட்டில் அவர்கள் பாதியில் பாத்திர அலமாரி, ஏழாம் வீட்டில் இன்வெர்ட்டர் மாடம், ஒன்பதாம் வீட்டு அலமாரியும் பத்தாம் வீட்டு அலமாரியும் முதுகோடு முதுகு, நடுவில் வெறும் பூச்சு, இந்த வீட்டு எலி அந்த வீட்டு அரிசியைத் தின்றுவிட்டு வந்து இங்கே தூங்கும், அதற்கும் ரெண்டு வீட்டுக்காரியும் எலி யாருடையது என்றுதான் சண்டை போட்டார்களே தவிர சுவர் எங்கே போச்சு என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமா, அந்தச் சட்டத்துக்கு நானே பெரிய காவல்காரி, ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பொற்கொடி குழாய் பதிக்கச் சுவரை வெட்டினபோது நான் அவள் நடையில் போய் ஸ்கேலோடு நின்றேன், என் மகள் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த மரஸ்கேல், "நாலரைக்கு மேல ஒரு நூல் போகக்கூடாது தாயி, அந்தப் பக்கம் மாதா இருக்கா." ஜனம் கூடிவிட்டது. பத்தாம் வீட்டுக்காரி சிரித்தாள், "செசிலியம்மா கறார்டி, மாதாவே வந்து கேட்டாலும் நாலரைதான் குடுக்கும்." பொற்கொடி முகம் சிவந்துபோய்க் குழாயைச் சுவருக்கு வெளியே ஓடவிட்டாள், இன்றைக்கும் அந்தக் குழாய் அவள் நடையில் துருத்திக்கொண்டுதான் இருக்கிறது, போகும்போது வரும்போது முழங்கையில் இடிக்குமாம், அதைக்கூட அவள் குறையாகச் சொன்னதில்லை. அப்படி நின்றவள் போய், என் மாடம் ஏழு என்று எந்த வாயால் சொல்வது. அதனால்தான் ரெண்டு என்றேன். ஆனாலும் சொல்லிவிடுவேன். எத்தனையாவது மணியில் இருக்கிறேன், ஏழா எட்டா, ஏழு என்றே வைத்துக்கொள்வோம், ஒன்று கூடச் சொன்னால் மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஏழு அங்குலம் வந்த கதையில் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் கிடையாது. என் வீட்டுக்காரர் தொம்மை நாலரையில் உளியைக் கீழே வைத்துவிட்டார். வேளாங்கண்ணித் திருநாளுக்குப் போனபோது நான்தான் இந்த மாதா சுரூபத்தைப் பார்த்துவிட்டு நகரமாட்டேன் என்று நின்றேன், கைக்குழந்தையோடு பொன்முடி வைத்தது, ஒரு முழ உயரம், அடியில் மேகம் மாதிரி அகலமாய்ப் பீடம், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், மகன் பிரிட்டோவுக்கு அப்போது மூணு வயசு, அவனை அவர் மடியில் கொடுத்துவிட்டு மாதாவை நான் வைத்துக்கொண்டேன், பையன் வழியெல்லாம் அழுதான். வீட்டில் வைக்க இடமில்லை, மேஜையில் வைத்தால் பிள்ளைகள் தட்டிவிடும், சுவரில் மாடம் வெட்டலாம் என்றதும் அவர் சரி என்றார், அப்போது பக்கத்து வீட்டில் பொற்கொடி இல்லை, வேறு குடும்பம் இருந்தது, அவர்கள் பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போகிற வரைக்கும் காத்திருந்தோம், நம்ம பாதியை நாம் எடுக்கிறோம் என்றால் எதற்காகக் காத்திருந்தோம், அப்போதே அதில் ஒரு ஒளிவு இருந்திருக்கிறது, இப்போதுதான் உறைக்கிறது. நாலரை வெட்டி, மேலே கடப்பாக்கல் கொடுத்து, மாதாவைத் தூக்கி வைத்துப் பார்த்தால் பீடம் மூணு விரக்கடை வெளியே நிற்கிறது. "போதும்டி, பாதி வந்தாச்சு," என்றார் அவர். "நடையில போறப்ப வர்றப்ப தோளு இடிச்சு விழுந்திரும்ங்க. இன்னும் மூணு விரக்கடை." "அது அவுக செவுரு." "அவுகளுக்கு என்ன தெரியப் போகுது? மாதாவுக்குத்தான கேக்குறேன், எனக்கா கேக்குறேன்?" இப்படிக் கேட்டால் அவர் என்ன செய்வார், தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கை வெந்துபோன மனுஷன், அந்தக் கையோடு மறுபடி உளியை எடுத்தார், நான் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், செங்கல் பொடியை முறத்தில் அள்ளி அள்ளி வாய்க்காலில் கொண்டுபோய்க் கொட்டினேன், வாய்க்கால் தண்ணி சிவப்பாய் ஓடினது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மாதா சிக்கென்று உள்ளே போய் நின்றாள், லேஸ் திரையைத் தொங்கவிட்டேன், இனி ஆழம் யாருக்குத் தெரியும். நேற்று ராத்திரி சாப்பாட்டில் அவரிடம் மெல்ல எடுத்தேன், "ரெண்டு அங்குலம்னு சொல்லிட்டேங்க." அவர் ரசத்தைக் கலக்கிக்கொண்டே சொன்னார், "நான் பாதியோட நிறுத்தினேன். மிச்சம் உனக்கும் உன் மாதாவுக்கும் உள்ளது. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க." காலையில் கோயில் கேட்டைத் திறக்கிற வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார், போகும்போது மாடத்தைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டார், என்னைப் பார்க்கவில்லை.

ரெண்டாம் பத்து மணி, கற்றூணில் கட்டுண்டு அடிபட்டது, அந்தப் பக்கம் டொக் டொக் என்று அடி, எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஆண்டவரே மன்னியும், ஜெபத்துக்கு நடுவில் சிரிக்கக்கூடாது. திருப்பூரிலிருந்து பிரிட்டோ காலையில் போன் பேசினான், பனியன் கம்பெனியில் மேற்பார்வை பார்க்கிறவன், எல்லாவற்றையும் ஃபைல் மாதிரிப் பேசுவான், "அம்மா, நீங்க ஒண்ணும் வாயத் திறக்காதீங்க. அவங்க இடிக்கிறாங்க, அவங்க பொறுப்பு. கேட்டா தெரியாதுன்னுருங்க." "கேட்டுட்டாளேப்பா. ரெண்டுன்னு சொல்லிட்டேனே." "எழுதியா குடுத்தீங்க?" இந்தப் பிள்ளையை நான் எட்டாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு மறைக்கல்வி சொல்லிக் கொடுத்து வளர்த்தேன், பொய் சொல்லாதிருப்பாயாக என்று முட்டிபோட வைத்துச் சொல்லச் சொன்னேன், இப்போது எழுதியா கொடுத்தீங்க என்கிறான், அவன் என்ன செய்வான், அம்மாவைக் காப்பாற்றப் பார்க்கிறான். பொய்யில் அற்பப் பாவம் உண்டு, சாவான பாவம் உண்டு, ரெண்டு அங்குலம் என்று சொன்னது அற்பப் பாவம்தான் என்று நேற்று தூங்கும்போது தீர்மானமாக இருந்தேன், சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் சாமியார் மூணு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார், தீர்ந்தது, ஆனால் அந்தச் சுவருக்குக் கீழே ஒரு மனுஷன் நின்று உளி பிடிக்கிறபோது அதே ரெண்டு அங்குலம் வளர்ந்துகொண்டே போகிறது, நேற்று அற்பமாக இருந்தது இன்று காலையில் அற்பமாக இல்லை, மதியத்துக்குள் என்னவாகும் என்று யாருக்குத் தெரியும். சத்தம் நின்றது. டீ நேரம். நான் மணியை விரலிலேயே பிடித்துக்கொண்டு எழுந்தேன், இதுதான் நேரம், ஜெபம் பாதியில் நின்றதாகவும் ஆகாது, மணி கையில்தானே இருக்கிறது, வாசலுக்குப் போனேன், பக்கத்து வாசல்படியில் கருத்தப்பாண்டி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், புருவமெல்லாம் வெள்ளைப் பூச்சு, பொற்கொடி அவருக்குத் தூக்குவாளியிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள்தான் முந்திக்கொண்டாள். "ஐயோ பெரியம்மா, ஜெபம் பண்ற நேரமாச்சே, சத்தம் ரொம்பத் தொந்தரவா இருக்கா? வேணும்னா நீங்க முடிக்கிற வரைக்கும் வேலைய நிறுத்தச் சொல்றேன்." நிறுத்தச் சொல்லு என்று சொல்லத்தான் வந்தேன், அவளே எடுத்துக் கையில் தருகிறாள், நான் என்ன சொன்னேன், "இல்ல தாயி. அவரு வேலைய அவரு பாக்கட்டும்." கருத்தப்பாண்டி டீயை உறிஞ்சிவிட்டுச் சொன்னார், "யம்மா, பூச்செல்லாம் எடுத்தாச்சு. இனிமே கல்லுதான். ஒரு மணி நேரத்துல முடிச்சிருவேன், உங்க மாதாவுக்கு ஒரு தூசி படாது." "படாது," என்றேன். மறுபடியும் ஒரு சொல். திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தேன், கால் முட்டி வலித்தது, கையில் மணி வேர்த்திருந்தது.

பயம் என்று சொல்லமாட்டேன், எனக்குப் பயம் கிடையாது, இந்தச் சுவரை எனக்குத் தெரிந்த மாதிரி எந்தக் கொத்தனாருக்கும் தெரியாது, ஐப்பசியில் எந்த இடம் வேர்க்கும், எந்த இடத்தில் ஆணி நிற்கும், எந்த இடத்தில் ஆணி மண்ணைத் தள்ளிக்கொண்டு விழும், பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்ட இடம் எது, எல்லாம் என் கைக்குத் தெரியும், கையை வைத்தால் சொல்லிவிடுவேன், அதனால்தான் இப்போது உட்கார்ந்திருக்க முடியவில்லை, டங் என்று கேட்டுவிட்டது, செங்கல். ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. மூன்றாம் பத்து மணி, முள்முடி, நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார், மேல் வரிசை கழன்று கீழே விழும் சத்தம் தரையில் கேட்கிறது, மாடத்துக்கு மேலே கடப்பாக்கல் இருக்கிறது, அதன் பின்முனை அவர்கள் பாதியில்தான் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு மேலே சுவர், அதற்கு மேலே தளம், பின்முனைக்குக் கீழே இருக்கிற கல்லை அவர் உருவினால் கடப்பாக்கல் எதில் நிற்கும், மாதாவின் தலையிலா, ஒரு முழ மாதா எவ்வளவைத் தாங்குவாள். தாங்குவாள் என்று சொல்லத்தான் வாய் வருகிறது, எத்தனையோ தாங்கியிருக்கிறாள், பிரிட்டோவுக்கு மஞ்சக்காமாலை வந்தபோது தாங்கினாள், தோல் ஷாப்பை மூடினபோது தாங்கினாள், ஆனால் அப்போதெல்லாம் நான் அவளுக்குக் கீழே நின்று கேட்டேன், இப்போது கீழே நிற்கிறது கருத்தப்பாண்டி, அவருக்குக் கேட்கத் தெரியாது, ஏன் தெரியாது என்றால் நான் சொல்லவில்லை. அவர் மனசில் எனக்கும் அவருக்கும் நடுவில் நல்ல கனமாய்ச் சுவர் இருக்கிறது. அந்தச் சுவரை நான் நேற்று வெங்காயம் உரித்துக்கொண்டே வாயால் கட்டிக் கொடுத்தேன். நிஜத்தில் அங்கே ரெண்டு அங்குலச் செங்கல்தான் மிச்சம், அவர் எடுக்கப் போவதோ நாலரை, இருக்கிறதைவிட எடுக்கிறது அதிகம், இதைக் கணக்கு என்றால் எந்தப் பிள்ளை போட்டுக் கொடுக்கும். ஆளுக்கு நாலரை, ஆளுக்கு நாலரை என்று லைன் முழுக்கச் சொன்னோமே, நான் ஏழு எடுக்காமல் ஒழுங்காய் நாலரையோடு நின்றிருந்தாலும் இன்றைக்கு அவள் நாலரையும் எடுத்தால் நடுவில் என்ன இருக்கும், ஒன்றும் இருக்காது, நிலத்தைப் பங்கு போட்டால் ரெண்டு பேருக்கும் நிலம் இருக்கும், சுவரைப் பங்கு போட்டால் ரெண்டு பேருக்கும் பள்ளம்தான் இருக்கும், முப்பது வருஷமாய் இதை யோசிக்காமல் ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். சத்தம் இறங்கிவிட்டது. மாதாவின் தலைக்கு மேலே இருந்தது கடப்பாக்கல்லுக்கு வந்துவிட்டது போல இருக்கிறது, டங் என்கிறபோது சிவப்பு பல்பு நடுங்குகிறது, மாதாவின் கையில் இருக்கிற குழந்தையின் நிழல் திரையில் ஆடுகிறது. எத்தனையாவது மணி. நாலு. நாலு என்றால் இன்னும் இந்தப் பத்தில் ஆறு, அப்புறம் இருபது, வேகமாய்ச் சொன்னால் பத்து நிமிஷம், மாதாவே நான் முடித்துவிட்டு வந்துவிடுகிறேன், கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், அஞ்சு, பிடித்துக்கொள்ளும் என்று யாரைச் சொல்கிறேன், ஆறு.

ஏழாவது மணியில் திரைக்குப் பின்னால் சர்ர் என்று ஏதோ உதிர்ந்தது. திரையை விலக்கினேன். மாதாவின் பொன்முடியில், தோளில், குழந்தையின் கன்னத்தில் சிவப்பாய்ப் பொடி. பின்னால் பூச்சில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல், அடுத்த அடிக்கு அது ஒரு சாண் நீண்டது. எனக்கு அப்போது விளங்கினது, நான் எழுந்து போகாமல் இருந்ததற்கு ஜெபம் காரணம் இல்லை, எழுந்து போகக்கூடாது என்றுதான் நான் ஜெபத்தில் உட்கார்ந்தேன், ஐம்பத்துமூன்று மணியையும் ஒரு பாறாங்கல் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு எழ முடியவில்லை எழ முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், மாதா எதற்குத்தான் காத்திருப்பாள். ஜெபமாலையை ஏழாவது மணியோடு பாயில் வைத்தேன். முடிந்தால் சாயங்காலம் எட்டாவது மணியிலிருந்து சொல்லுவேன், முடியாவிட்டால் அவளே மிச்சத்தைச் சொல்லிக்கொள்வாள். ரெண்டு கையாலும் சுரூபத்தை எடுத்துக் கட்டிலில் மெத்தைமேல் படுக்க வைத்தேன். வாசல் வழியாய்ச் சுற்றிப் போனால் நேரம் ஆகும், அதற்குள் இன்னும் ரெண்டு அடி விழும். பல்பைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு என் முகத்தை மாடத்துக்குள் விட்டேன், செங்கல் வாசனை, பழைய மெழுகு வாசனை, மூக்கு விரிசலில் முட்டியது, என்னால் முடிந்த மட்டும் சத்தமாய்க் கூப்பிட்டேன், "கொத்தனாரே, நிறுத்துங்க!" அந்தப் பக்கம் சுத்தியல் தரையில் விழுந்தது. "ஆத்தாடி! யாரு செவுத்துக்குள்ள?" "நான்தான். செசிலி. கல்லத் தொடாதீங்க, விலகி நில்லுங்க." "யம்மா, என் காதுக்குள்ள பேசுற மாதிரி இருக்கு!" "ஏன்னா நடுவுல ஒண்ணும் இல்ல. மாடம் ரெண்டு அங்குலம் இல்ல, ஏழு. நான் நேத்துச் சொன்னது பொய். பொற்கொடி இருக்காளா?" பிறகு அவள் குரல், என் நெற்றியில் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி கிட்டத்தில், "பெரியம்மா?" "இருக்கேன் தாயி. நாலரையில அவரு போதும்னாரு, நான்தான் கேக்கல. உங்க பாதிக்குள்ள வந்துட்டேன். குழாய்க்கு உன்னைய நாலு பேரு முன்னால நிக்க வச்சேன், அப்பவும் எனக்குத் தெரியும். இன்னைக்கே செங்கலும் சிமெண்டும் வாங்கி மாடத்தை அடைச்சிருவோம், மாதா மேஜையில நிக்கட்டும். உன் ஃப்ரிட்ஜுக்கு வேற வழி பாப்போம். இந்தச் செவுத்துல முடியாது, யாரு பாதியிலயும் முடியாது." கருத்தப்பாண்டிதான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார், "தாயே, கல்ல மறுபடி ஏத்தி வச்சிட்டு முட்டுக் குடுக்கணும் மொதல்ல. இன்னும் ரெண்டு அடி வச்சிருந்தேன்னா உளி உங்க மூக்குல வந்திருக்கும்." நான் தலையை வெளியே எடுத்தேன். முகமெல்லாம் சிவப்புப் பொடி, துடைக்கவில்லை, அதிசயமாய்ப் பசி எடுத்தது. கத்துவாள், கத்தட்டும், லைன் கூடட்டும், பத்தாம் வீட்டுக்காரி ஸ்கேலைக் கேட்கட்டும், எல்லாவற்றுக்கும் நான் வாசலைத் திறந்து வைத்தேன். பொற்கொடி வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என்னைத் தாண்டி நேரே மாடத்துக்குப் போனாள். காலி மாடத்துக்குள் கையை விட்டாள், விரல் போனது, உள்ளங்கை போனது, மணிக்கட்டு போய்த்தான் முட்டியது. கையை வெளியே எடுக்காமலே கேட்டாள், "அப்ப இத்தன வருஷமும் மாதா எங்க வீட்டுலதான் குடியிருந்தாளா?" கோபமா சிரிப்பா என்று பின்னால் நின்ற எனக்குத் தெரியவில்லை. எதுவானாலும் சரி என்று பதில் சொன்னேன்.

"முதுகு மட்டும் தாயி."